சேற்றைக் கிளறிய செம்மல்

எங்கள் விடுதியின் பின்புறம் ஒரு குட்டை உண்டு. குளியலறைத் தண்ணீரும் சமையற்கூடத்துக் கழுநீரும் அங்கேதான் போய்ச் சேரும். கோரை மண்டிய அந்தக் குட்டையை மூக்கைப் பிடித்துக்கொண்டு கடந்துதான் மூன்றாண்டுகளாக நான் வகுப்புக்குச் சென்று வருகிறேன். சில வேளைகளில் அதன் அடியிலிருந்து குமிழிகள் கிளம்பி வந்து உடையும். அப்போதெல்லாம் இத்தாலி நாட்டு விஞ்ஞானி அலெசாந்திரோ வோல்டாவை நினைத்துக்கொள்வேன். மின்கலத்தைக் கண்டவர் என்று அவரைப் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறோம். அவர் சேற்றைக் கிளறிய கதையை மட்டும் ஏனோ நமக்கு யாரும் சொல்லவில்லை.

வோல்டா 1745-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் நாள் கோமோ நகரில் பிறந்தார். நான்கு வயது வரை அவருக்குப் பேச்சே வரவில்லை என்பர். குடும்பத்தில் பலர் குருமார்கள். அவர் மனமோ மின்சாரத்தில் ஈடுபட்டது. 1779-இல் பாவியா பல்கலைக் கழகத்தில் பேராசிரியரானார்.

அதற்கு முன்பே, 1776 நவம்பரில், மாஜோரே ஏரிக்கரையில் அங்கேரா என்னும் ஊரில் இருந்தார். நாணல் அடர்ந்த கரையோரச் சேற்றில் கோலை விட்டுக் கிளறினார். எழுந்த குமிழிகளை நீர் நிரப்பிக் கவிழ்த்த குப்பியில் பிடித்தார். அந்தக் காற்று நீலச் சுடராக எரிந்தது. இன்று நாம் மீத்தேன் என்பது அதைத்தான். மறு ஆண்டு அக்காற்றை ஒரு துப்பாக்கி போன்ற கருவியில் அடைத்து, மின்பொறியால் வெடிக்கச் செய்தார். சேறும் மின்சாரமும் அன்றே அவர் கையில் சந்தித்துவிட்டன!

1791-இல் பொலோனா நகரத்துக் கால்வானி, இறந்த தவளையின் காலில் உலோகங்கள் பட்டதும் அது துடித்ததைக் கண்டு, உயிரினத்துக்குள்ளேயே மின்சாரம் உண்டு என்று அறிவித்தார். முதலில் வியந்த வோல்டா பிறகு மாறினார். இரு உலோகங்களைத் தம் நாவில் வைத்துச் சுவைத்துப் பார்த்தார். மின்சாரம் உலோகங்களின் சேர்க்கையில் பிறக்கிறது, தவளை வெறும் ஈரப் பொருளே என்றார். நாகத் தகடும் வெள்ளித் தகடும் மாறி மாறி, இடையே உப்புநீரில் நனைத்த அட்டை என அடுக்கி, 1800 மார்ச் 20-ஆம் நாள் இலண்டன் ராயல் கழகத்துக்கு எழுதினார். உலகம் அவரைத் தலைமேல் வைத்துக் கொண்டாடியது. நெப்போலியன் பின்னர் பிரபுப் பட்டமும் தந்தார். கால்வானியோ, புதிய அரசுக்கு விசுவாசப் பிரமாணம் செய்ய மறுத்துப் பதவி இழந்து, 1798-லேயே மறைந்துவிட்டார். இந்த இடம் எப்போதும் என் மனத்தை உறுத்தும். வென்றவர் சொன்னதும் முழு உண்மையன்று. உலோகங்கள் தொடுவதால் மட்டும் மின்னோட்டம் வருவதில்லை. அங்கே நடக்கும் இரசாயன மாற்றமே காரணம்.

வோல்டா 1827 மார்ச் 5-இல் காலமானார். அவர் பெயரால் வோல்ட் என்னும் அலகு 1881-இல் ஏற்கப்பட்டது. 1911-இல் இங்கிலாந்தில் பாட்டர் என்ற தாவரவியல் பேராசிரியர், நுண்ணுயிர்கள் கரிமப் பொருளைச் சிதைக்கும்போது மின்சாரம் எழுவதைக் காட்டினார். தவளையில் தோற்ற கால்வானிக்கு ஒரு பங்கு நியாயம் கிடைத்தது.

இப்போது கழிவு நீரைச் சுத்தம் செய்யும் செயற்கைச் சதுப்பு நிலங்களில் இதையே முயல்கிறார்கள். சரளைப் படுகையில் நாணல் போன்ற செடிகளை நடுகிறார்கள். காற்றில்லாத அடிப்பகுதியில் ஒரு கரி மின்வாய், காற்றுப் படும் மேற்பகுதியில் மற்றொன்று, இடையே கம்பி. அடியிலுள்ள நுண்ணுயிர்கள் அழுக்கை உண்டு எலெக்ட்ரான்களை விடுகின்றன. அவை கம்பி வழியே மேலேறி ஆக்சிஜனைச் சேர்கின்றன. நம் நாட்டு ஆய்வாளர்களே சாயம் கலந்த நீரை இவ்வாறு சுத்தம் செய்து, 2012-இல் கட்டுரை வெளியிட்டார்கள். எனக்குப் பிடித்த செய்தி வேறு. மீத்தேன் குமிழியாகப் போயிருக்க வேண்டிய எலெக்ட்ரான்களில் ஒரு பகுதி கம்பிக்குள் திரும்பிவிடுகிறது. அங்கேராவில் குப்பியில் பிடித்ததற்குப் பதிலாக மின்னோட்டம்! ஆனால் கிடைப்பது மிகச் சொற்பம். சதுர மீட்டருக்கு மில்லிவாட் கணக்குத்தான். ஊருக்கு விளக்கேற்ற அது போதாது. தண்ணீர் சுத்தமாவதே முதற்பயன்.

நானும் பார்த்துவிடுவோம் என்று, பழைய டார்ச் செல்களின் கரிக்கோல்களைக் கழுவி, குட்டைச் சேற்றை ஒரு வாளியில் அள்ளி, ஒன்றை அடியிலும் ஒன்றை மேல்நீரிலும் வைத்தேன். முதல் வாரம் முள் அசையவில்லை. அறைத்தோழர்கள் நாற்றம் தாங்காமல் சண்டைக்கு வந்தார்கள். 12-ஆம் நாள் மீட்டர் 0.3 வோல்ட் காட்டியது. சிறு விளக்கை இணைத்தேன், எரியவில்லை. நண்பர்கள் சிரித்தார்கள். வாளியைக் கொட்டிவிடும்படி விடுதிக் காப்பாளர் சொல்லியிருக்கிறார். இன்னும் இரண்டு வாளி வைத்துத் தொடராக இணைத்துப் பார்க்க வேண்டும் என்று தேர்வு வரை தவணை கேட்டிருக்கிறேன்.