பெயரிட இயலாதது என்று ஒரு பெயர்

தமிழில் ஏரி என்றால் வயலுக்கு நீர் பாய்ச்சும் நீர்நிலை. பழவேற்காடு ஏரியோ எந்த வயலுக்கும் பாய்வதில்லை. ஆரணியாறும் காளங்கியும் சுவர்ணமுகியும் நன்னீர் கொண்டுவர, முகத்துவாரத்தின் வழியே கடல்நீர் ஏறி இறங்கும் உப்பங்கழி அது. ஏரியின் இலக்கணத்துக்கு ஒவ்வாததை ஏரி என்றே அழைக்கிறோம். சொல்லுக்கும் பொருளுக்கும் இடையிலான இத்தகைய பிணக்குகளைப் பதினைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பே ஆராய்ந்தவர் பர்த்ருஹரி. அவர் புகழ் பரவிய வரலாற்றில் பழவேற்காட்டுக்கும் பங்கு உண்டு என்பதே இதை எழுத என்னைத் தூண்டியது.

அவர் 5ஆம் நூற்றாண்டினர் என்பது ஆய்வாளர் பலரின் முடிவு. காஞ்சிக்கு அருகே பிறந்தவராக மரபு கூறும் பௌத்த அறிஞர் திக்நாகர் அவர் நூலை எடுத்தாண்டிருப்பதே அதற்குச் சான்று. பதஞ்சலியின் மகாபாஷ்யத்துக்கு அவர் எழுதிய உரையில் ஒரு பகுதியே எஞ்சியுள்ளது. மூன்று காண்டங்கள் கொண்ட வாக்கியபதீயம் அவருடைய பெருநூல். மகாபாஷ்ய மரபு மங்கிய காலத்தில் அது தென்னாட்டாரிடம் சுவடியாக மட்டும் எஞ்சியிருந்தது என்ற செய்தியும் அந்நூலில் வருகிறது.

அவர் எடுத்துக்கொண்ட புதிர் இது. சொல்லால் குறிக்கவே இயலாத ஒன்றைக் குறிக்க இயலாதது என்கிறோம். அச்சொல் அதைக் குறிக்கிறது என்றால், அது குறிக்க இயன்றதாகிவிடுகிறது. குறிக்கவில்லை என்றால், நாம் எதையுமே சொல்லவில்லை. நான் சொல்வதெல்லாம் பொய் என்பவனின் கூற்றும் இவ்வாறே தன்னைத் தானே விழுங்குகிறது. பர்த்ருஹரியின் விடை எளியது: சொல்பவனின் நோக்கத்தைப் பார்க்க வேண்டும். அக்கூற்று தன்னையும் சேர்த்துக்கொண்டால் சொல்ல வந்த கருத்தே கேட்பவரைச் சேராது. ஆகவே அது தன்னைக் குறிப்பதாகக் கொள்ளலாகாது. 1901இல் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல், தம்மைத் தாமே உறுப்பாகக் கொள்ளாத கணங்கள் அனைத்தின் கணம் தனக்கு உறுப்பா எனக் கேட்டுக் கணிதத்தின் அடித்தளத்தை அசைத்தார். அதுவும் இப்புதிருக்கு உறவானதே.

அவர் வாழ்வும் ஓர் இலக்கணத்துக்குள் அடங்கவில்லை. 671இல் இந்தியா நோக்கிப் புறப்பட்ட சீனத் துறவி இத்சிங், பர்த்ருஹரி ஏழு முறை துறவு பூண்டு ஏழு முறை இல்லறம் திரும்பினார் என்று எழுதியுள்ளார். நீதி, சிருங்காரம், வைராக்கியம் ஆகிய சதகங்களைப் பாடிய பர்த்ருஹரியும் இவரும் ஒருவரே என்பதில் அறிஞர்கள் ஒன்றுபடவில்லை. தமிழ் மரபு உஜ்ஜயினி அரசரான பர்த்ருஹரியைப் பட்டினத்தாரின் சீடர் பத்திரகிரியார் ஆக்கிக்கொண்டது. திருவிடைமருதூரில் இரந்து வந்தவனைப் பட்டினத்தார், மறுவாயிலில் ஒரு குடும்பஸ்தன் இருப்பதாகச் சொல்லி அனுப்பிய கதையை நாம் அறிவோம். நாடு துறந்தவரிடம் இருந்தவை ஓர் ஓடும் ஒரு நாயும் மட்டுமே. துறவி யார், இல்லறத்தான் யார் என்ற வரையறையை அக்கதை அசைத்துவிடுகிறது.

பழவேற்காட்டின் கெல்டிரியா கோட்டையில் 1632 முதல் பத்தாண்டுகள் டச்சுக்காரர்களின் சமயகுருவாக இருந்த ஆபிரகாம் ரோஜேரியஸ், பத்மநாபன் என்னும் அந்தணர் துணையுடன் சதகச் செய்யுள்களை டச்சு மொழிக்குக் கொண்டுசென்றார். அவர் மறைந்த பின், 1651இல் அந்நூல் லெய்டனில் அச்சேறியது. ஐரோப்பாவில் அச்சான முதல் சமஸ்கிருத இலக்கிய மொழிபெயர்ப்பாக அது கருதப்படுகிறது.

இந்தப் பழைய புதிர் ஏட்டோடு நிற்பதன்று. அரசு கடல் மீனவர், உள்நாட்டு மீனவர் என்று வகை பிரிக்கிறது. ஏரியிலும் கடலிலும் பருவம் பார்த்து வலை வீசுபவர் எவ்வகையினர்? ஊரார் வகுத்த பாடு முறை, எவர் எந்நாளில் எவ்விடத்தில் வலையிடுவது என்பதை முறைவைத்துப் பகிர்கிறது; பூசலைத் தவிர்க்கும் நல்லேற்பாடு அது. ஆனால், பாட்டில் இடமில்லாதோரும் அதே நீரை நம்பியே வாழ்கின்றனர். அவர்கள் மீனவர் இல்லையா?

வகைக்குள் அடங்காதவரை எவ்வகையிலும் சேராதவர் என எழுதி ஒதுக்குவது எளிது. அப்படி எழுதும்போதே அவர்களையும் ஒரு வகையாக்கிவிடுகிறோம் என்பதை மறந்துவிடுகிறோம். விதி எழுந்த நோக்கம் பிழைப்பைக் காப்பது. அந்நோக்கத்தையே அழிக்கும்படி விதியைப் படிப்பது, பொய்யனின் கூற்றை அதன்மீதே ஏற்றுவதற்கு ஒப்பாகும். சொல்லைவிடச் சொல்ல வந்ததே பெரிது என்ற பர்த்ருஹரியின் பாடத்தைக் கோப்புகளில் கையெழுத்திடுவோர் கற்றுக்கொண்டால், கழிமுகத்து மக்களுக்கு அது பேருதவியாக இருக்கும்.