பிழையைத் தேடிய பேரறிஞர் கிரேஸ் ஹாப்பர்



தவறு நேர்ந்தால் அஞ்சி அதனை மறைப்போர் பலர். அத்தவறு எங்கே தோன்றியது என்று பொறுமையுடன் தேடிச் செல்வோர் சிலர். அச்சிலருள் ஒருவராக வாழ்ந்து கணினி உலகிற்கு அருந்தொண்டு ஆற்றியவர் கிரேஸ் ஹாப்பர் அம்மையார். அவர்தம் வாழ்க்கை வரலாற்றை ஈண்டுக் காண்போம்.

அம்மையார் 1906ஆம் ஆண்டு டிசம்பர் 9ஆம் நாள் அமெரிக்காவின் நியூயார்க் நகரில் பிறந்தார். தந்தையார் காப்புறுதித் தொழில் செய்தவர். நோயினால் கால்களை இழந்தபோதும், தம் பெண் மக்களும் ஆண்மகனுக்கு நிகராகக் கற்றுச் சொந்தக் காலில் நிற்க வேண்டும் என்று விரும்பினார்.

கிரேசுக்கு ஏழு வயது இருக்கும்போது, அலாரக் கடிகாரம் எவ்வாறு மணி அடிக்கிறது என்று அறியும் ஆவல் எழுந்தது. ஒன்றைக் கழற்றிப் பார்த்தார். மீண்டும் பூட்ட இயலவில்லை. விடை காண அடுத்ததைக் கழற்றினார். இவ்வாறு வீட்டிலிருந்த 7 கடிகாரங்களும் பகுதி பகுதியாகப் பிரிந்து கிடந்தன. அன்னையார் அதனைக் கண்டார். இனி ஒரே ஒரு கடிகாரத்தை மட்டும் கழற்றலாம் என்று வரம்பு விதித்தாரே தவிர, மகளின் ஆராயும் ஆர்வத்தை அடியோடு தடுத்துவிடவில்லை.

பதினாறு வயதில் வாசர் கல்லூரியில் சேர முயன்றபோது, இலத்தீன் மொழியில் போதிய மதிப்பெண் பெறாமையால் அவருக்கு இடம் கிடைக்கவில்லை. அவர் மனம் தளரவில்லை. மறு ஆண்டு அதே கல்லூரியில் சேர்ந்து, 1928இல் கணிதத்திலும் இயற்பியலிலும் பட்டம் பெற்றார். 1934இல் யேல் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முனைவர் பட்டமும் பெற்று, கல்லூரி ஆசிரியராகப் பணியாற்றினார்.

இரண்டாம் உலகப் போர் மூண்டது. நாட்டுக்குத் தொண்டு செய்யக் கடற்படையில் சேர விரும்பினார். உடல் எடை விதித்த அளவினும் குறைவாக இருந்தது. எனினும் சிறப்பு அனுமதி பெற்று, 1943இல் கடற்படையில் சேர்ந்தார். 1944இல் ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலிருந்த மார்க் 1 என்னும் கணக்கிடும் பொறியில் பணிபுரிய அனுப்பப்பட்டார். அப்பொறியின் நீளம் 51 அடி! அதற்குரிய கட்டளைகளைத் தாள்நாடாவில் துளைகளாக இட வேண்டும். ஒரு துளை தவறினாலும் கணக்கு முழுவதும் பிழையாகிவிடும்.

அதன்பின் உருவான மார்க் 2 பொறியில், 1947 செப்டம்பர் 9ஆம் நாள் ஒரு பழுது ஏற்பட்டது. பணியாளர்கள் தேடிப் பார்த்தபோது, ஒரு மின்விசைக் கருவிக்குள் விட்டிற்பூச்சி ஒன்று சிக்கி இறந்து கிடந்தது! அதனைக் குறிப்பேட்டில் ஒட்டி வைத்தனர். பொறியில் உண்டாகும் பழுதைப் பூச்சி என்று அழைக்கும் வழக்கம் அதற்கு முன்பே இருந்தது. அன்று உண்மைப் பூச்சியே அகப்பட்டது. இந்நிகழ்ச்சியை ஹாப்பர் பலருக்கும் சுவைபடக் கூறி வந்தார்.

அக்காலத்தில் கட்டளைத் தொடர்களைக் குறிப்பேடுகளிலிருந்து கையால் பெயர்த்து எழுதுவர். பெயர்த்து எழுதுவதில் பிழை. எண்களைக் கூட்டுவதில் பிழை. இச்சலிப்பூட்டும் வேலையைப் பொறியே செய்யலாகாதா என்று ஹாப்பர் சிந்தித்தார். அதன் பயனாக 1952இல் தொகுப்பி உருவாயிற்று. அதனைக் கம்பைலர் என்றும் அழைப்பர். கணினிக்குக் கணக்கு மட்டுமே தெரியும், கட்டளை எழுதத் தெரியாது என்று பலர் நம்ப மறுத்தனர். ஹாப்பரோ அதனைச் செய்து காட்டினார்.

அத்துடன் அவர் நின்றுவிடவில்லை. எளிய மக்களும் தாம் பேசும் சொற்களாலேயே கணினிக்கு ஆணையிட வேண்டும் என்று விரும்பினார். ஆங்கிலச் சொற்களாலான கட்டளை முறையை அமைத்தார். பின்னர், பிரெஞ்சு, ஜெர்மன் சொற்களையும் அதே பொறி ஏற்கும் என்று மெய்ப்பித்துக் காட்டினார். மேலதிகாரிகள் திகைத்தனர், அமெரிக்கப் பொறிக்கு அயல்மொழி எங்ஙனம் விளங்கும் என்று மறுத்தனர். பொறிக்கு எம்மொழியும் அயல்மொழி அன்று, தாய்மொழியும் அன்று என்பதை ஹாப்பர் அறிந்திருந்தார். அவர்தம் பணியின் அடிப்படையில் 1959இல் கோபால் என்னும் கணினி மொழி தோன்றி, உலகெங்கும் வங்கிகளிலும் அலுவலகங்களிலும் பயன்பட்டது.

ஹாப்பர் 1986இல், 79ஆம் வயதில், ரியர் அட்மிரல் என்னும் உயர் பதவியுடன் கடற்படையிலிருந்து ஓய்வு பெற்றார். ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கில் ஒளி செல்லும் தொலைவைக் காட்ட, ஏறத்தாழ 30 செண்டிமீட்டர் நீளமுள்ள கம்பித் துண்டுகளை மாணவர்களுக்கு வழங்குவது அவர் வழக்கம். 1992 ஜனவரி முதல் நாள் இயற்கை எய்தினார்.

அம்மையார் வகுத்த வழி இன்றும் தொடர்கிறது. பின்லாந்து மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991இல் தொடங்கிய லினக்ஸை அடிப்படையாகக் கொண்ட அமைப்புகளுள் ஜென்டூ என்பது ஒன்று. அதில் மென்பொருள்களை மூல நிரலாகப் பெற்று, தம் கணினியிலேயே தொகுப்பியால் உருவாக்கிக்கொள்வர். சில வேளைகளில் அவ்வேலை பாதியில் நின்றுவிடும். துணை நிரல் ஒன்று இல்லாமல் இருக்கலாம். நினைவகம் போதாமல் இருக்கலாம். வட்டில் இடம் தீர்ந்திருக்கலாம். திரையின் கடைசி வரியை மட்டும் கண்டு கலங்குதல் கூடாது. மேலே சென்று முதற்பிழையைத் தேட வேண்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் திருத்தி, மீண்டும் முயல வேண்டும்.

தோட்டத்தில் உழைத்த நம் பெற்றோர் இம்முறையை நன்கு அறிவர். உலர்ந்த ரப்பர்த் தகட்டில் குமிழோ கறையோ கண்டால், தகட்டை நொந்து பயனில்லை. வாளி தூய்மையாக இருந்ததா, பால் வடிகட்டப்பட்டதா, அமிலம் அளவாகக் கலந்ததா என்று தொடக்கத்திலிருந்து பார்த்து வர வேண்டும் அன்றோ?

பிரிக்ஃபீல்ட்ஸ் தெருவிலும் கிள்ளான் கடைவீதியிலும் நாம் இன்று கைப்பேசியில் தமிழில் எழுதி மகிழ்கிறோம். நம் நாட்டவரான முத்து நெடுமாறன் 1985இல் தொடங்கிய முரசு அஞ்சல் போன்ற முயற்சிகள் அதற்கு வழி வகுத்தன. 2001இல் தமிழ் இணைய மாநாடு நம் கோலாலம்பூரிலேயே நடைபெற்றது. தமிழ்ப்பள்ளியில் பயிலும் பிள்ளைக்குக் கணினி எட்டாத பொருள் அன்று என்பதற்கு இவை சான்று.

பிழைச் செய்தி தோன்றியதும் திரையை மூடிவிடும் சிறாரை நாம் கண்டிருக்கிறோம். சிவப்பு மையிட்ட ஏட்டை வீட்டில் காட்டாமல் ஒளிக்கும் பிள்ளைகளையும் கண்டிருக்கிறோம். பெற்றோர்களே! ஏட்டை விரித்து, எந்த இடத்தில் வழி தவறியது என்று பிள்ளையுடன் அமர்ந்து தேடுங்கள். கடிகாரத்தைக் கழற்றிய குழந்தைக்கு, வைத்துப் பழக ஒரு கடிகாரத்தையாவது விட்டுவையுங்கள்.

வாழ்க கிரேஸ் ஹாப்பர் அம்மையார் புகழ்! வளர்க நம் சிறாரின் தேடல்!