தனிநாயகம் அடிகளார்: இரு நகரங்களும் இரு நூல்களும்

யாழ்ப்பாணத்துக்கு மேற்கே, பண்ணைக் கடலுக்கு அப்பால், பனை வளமும் உவர்க்காற்றும் உடையதாய்க் கிடப்பது எம் வேலணைத் தீவு. அதன் மேலைக்கரையில் உள்ள ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் தம் மொழியில் யானைத் துறை என வழங்கினர். ஈழத்து யானைகள் அங்கிருந்தே கப்பலேறின. துறை என்று பொருள்படும் அவர்தம் சொல்லே பிற்காலத்தில் கைற்ஸ் என மருவிற்று. அத்துறைக்கு அயலதாகிய கரம்பொன் என்னும் ஊரில், 1913 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 2 ஆந் திகதி பிறந்தவரே சேவியர் தனிநாயகம் அடிகளார் ஆவர்.

இந்துக் கல்லூரி ஒன்றின் விழா மலரிலே கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரின் வரலாறு இடம்பெறுவது ஏன் என வினவுவாரும் உளராகலாம். அவ்வினாவுக்கு விடை அன்னாரின் வாழ்க்கையிலேயே உண்டு.

ஊர்காவற்றுறைப் புனித அந்தோனியார் கல்லூரியிலும் யாழ்ப்பாணம் புனித பத்திரிசியார் கல்லூரியிலும் பயின்ற அடிகளார், கொழும்பிற் குருத்துவக் கல்வி தொடங்கி, 1934 இல் உரோமாபுரிக்குச் சென்றார். அங்கு 1938 இற் குருவாகத் திருநிலைப்படுத்தப்பெற்று, இறையியலிற் கலாநிதிப் பட்டமும் எய்தினார். இலத்தீன், இத்தாலியம், பிரெஞ்சு முதலாய மொழிகள் அவருக்கு வசமாயின. எனினும் தம் தாய்மொழியின் பழம்பெரும் இலக்கியங்களை முறையாகக் கல்லாத குறை அவரிடம் இருந்தது. திருநெல்வேலிச் சீமையின் வடக்கன்குளத்தில் ஆசிரியராய் அமர்ந்த காலத்தில், பண்டிதர் ஒருவரிடம் மாணாக்கராய் அமர்ந்து அக்குறையைத் தீர்க்கத் தொடங்கினார். உரோமையிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர், 1945 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திற் சேர்ந்து மீண்டும் மாணவரானார். சங்கச் செய்யுட்களில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து பட்டமும் பெற்றார். 1952 இல் 'தமிழ்க் கல்சர்' என்னும் ஆங்கிலக் காலாண்டிதழைத் தொடங்கியதும், இலங்கைப் பல்கலைக்கழகத்தில் விரிவுரையாளரானதும் இதன் பயன்களே.

1954 ஆம் ஆண்டில் ஐரோப்பிய நூலகங்களிலே தமிழேடுகளைத் தேடி அவர் மேற்கொண்ட பயணமே நாம் ஈண்டுச் சிறப்பாக எடுத்துரைக்க விழைவது. அப்பயணத்தில் லிஸ்பன், உரோமாபுரி என்னும் இரு நகரங்களும் அடங்கின. லிஸ்பன் கடலை நோக்கிய துறைமுகம். உரோமாபுரி திபேர் ஆற்றங்கரையிலே பழமையைக் காத்து நிற்கும் நகரம். முன்னையது கப்பல்களை அனுப்பிற்று. பின்னையது ஏடுகளைச் சேர்த்து வைத்தது. முன்னையது அடிகளார்க்குப் புதியது. பின்னையதிலோ அவர் ஐந்தாண்டு வாழ்ந்திருந்தார்.

1619 இல் யாழ்ப்பாண அரசைக் கவர்ந்து, 1621 இல் நல்லூர்க் கந்தன் திருக்கோயிலை இடித்தோர், லிஸ்பனைத் தலைநகராகக் கொண்ட போர்த்துக்கேய அரசின் பெயராலேயே அவற்றைச் செய்தனர். அந்நகரும் 1755 இன் நிலநடுக்கத்தாலும் தீயாலும் அழிந்து, அரச நூலகத்தையும் இழந்தது. அழிவுக்குத் தப்பிய பெலெம் பகுதியில் யெரோனிமோசு மடம் நிற்கின்றது. வாஸ்கோ ட காமாவின் கல்லறை அங்கேதான் உள்ளது. அம்மடத்தின் ஒரு புறத்தில் அமைந்த அருங்காட்சியகத்தில் 1554 இல் லிஸ்பனில் அச்சேறிய 'கார்த்தில்யா' என்னும் சிறுநூல் இருந்தது. தமிழ்ச் சொற்களை உரோமன் எழுத்திலே போர்த்துக்கேயப் பொருளோடு தரும் அச்செபநூலைத் தமிழர் மூவர் ஆக்கினர். இந்திய மொழிகளுள் முதன்முதல் அச்சேறியது தமிழே என்பதற்கு அதுவே சான்று. கடல்வழி கண்டவனின் கல்லறையும் நம் மொழியின் முதல் அச்சுநூலும் ஒரே கட்டடத்தில் இருந்தமை நினைக்குந்தோறும் வியப்புத் தருவதாம். அந்நூலின் சிறப்பை அடிகளார் தமிழுலகறியக் கட்டுரை வாயிலாக எடுத்துரைத்தார்.

உரோமாபுரியின் வத்திக்கான் நூலகத்தில் அவர் கண்டது, மதுரை மிசனைச் சேர்ந்த புரோயென்சா பாதிரியார் தொகுத்த தமிழ் - போர்த்துக்கேய அகராதி. அவர் மறைந்த பின்னர், 1679 இல், மலையாள நாட்டு அம்பலக்காட்டில் அச்சேறிய அதில் அக்கால மக்கள் வழங்கிய தமிழ்ச் சொற்கள் பல்லாயிரம் உள்ளன. உலகில் அறியப்பட்ட ஒரே படி அதுவாம். மாணவராய் அடிகளார் உரோமையில் உலவிய நாளிலும் அந்நூல் அங்கேதான் இருந்தது. அன்று அவருக்கு அதைத் தேடும் தமிழறிவு வாய்க்கவில்லை. வடக்கன்குளத்துப் பாடமும் அண்ணாமலைநகர்ப் படிப்புமே அதைக் கண்டறியும் கண்ணை அவர்க்கு அளித்தன. நம் மாணவர் இதனை ஊன்றி நோக்குவாராக.

இந்நூல்கள் நம் முன்னோரை மதம் மாற்றும் பொருட்டு எழுந்தவை என்பதை நாம் மறைக்க வேண்டியதில்லை. ஆயின் அவற்றிலுள்ள சொற்கள் மாற்றியோர்க்கும் மாறாதோர்க்கும் பொதுவான தமிழ்ச் சொற்கள். அடிகளார் அவற்றைத் தமிழர் அனைவர்க்கும் உரிய முதுசொமாகவே மீட்டுத் தந்தார். சங்கப் பாடலையும் சைவத் திருமுறையையும் உலக அரங்கிலே பேசிய நாவே இதனையும் பேசிற்று. அவரை நாம் போற்றுதற்கு வேறு காரணம் வேண்டுமோ?

கண்டதோடு அவர் அமைந்தாரல்லர். மலாயாப் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த காலத்தில், 1966 இல், அவ்வகராதியை உள்ளவாறே படியெடுத்துக் கோலாலம்பூரில் வெளியிட்டார். ஒற்றைப் படியாயிருந்தது அன்று பல படியாயிற்று. 1964 இல் அவர் முன்னின்று நிறுவிய உலகத் தமிழாராய்ச்சி மன்றத்தின் முதல் மாநாடும் அதே ஆண்டில் அந்நகரிலேயே நிகழ்ந்தது. நான்காம் மாநாடு 1974 இல் யாழ்ப்பாணத்திற் கூடியது. 1980 செப்டம்பர் 1 ஆந் திகதி அடிகளார் இறைவனடி சேர்ந்தார்.

அதன்பின் ஒன்பது திங்களில், 1981 மே 31 ஆந் திகதி இரவு, யாழ்ப்பாணப் பொது நூலகம் தீக்கிரையாக்கப்பட்டது. ஏறக்குறைய 97,000 நூல்கள் எரிந்தன. வேறெங்கும் படியில்லாத ஏடுகள் மீளவேயில்லை. பின்னர்ப் போர்க்காலத்தில் தீவக மக்கள் இடம்பெயர்ந்தபோது, வீட்டுப் பெட்டகங்களிலிருந்த ஓலைச்சுவடிகளும் பழைய மலர்களும் எத்தனை அழிந்தனவோ!

ஒரே இடத்தில் ஒரே படியாய் இருப்பது என்றேனும் அழியக்கூடியது என்பதே இவ்வரலாறு உணர்த்தும் பாடம். உள்ளூரிலும் கடல்கடந்தும் வாழும் பழைய மாணவர்காள்! உங்கள் இல்லங்களிலே ஒரு சுவடியோ, கோயிற் பதிகமோ, பழைய பாடசாலை மலரோ எஞ்சியிருப்பின், அதனைப் படியெடுத்து, ஒரு படியை நம் கல்லூரி நூலகத்துக்கும் மற்றொன்றைத் தொலைவிலுள்ள நூலகம் ஒன்றுக்கும் அளியுங்கள். இந்த விழா ஆண்டில் அடிகளார்க்கு நாம் செலுத்தத்தக்க காணிக்கை இதுவேயாகும்.