ட-வில் தொடங்கும் தமிழ்ச் சொல் எது? எழுத்துக் கணக்குப் போட்டுக் கவி பாடிய பாம்பன் சுவாமிகள்

'ட' என்ற எழுத்தில் தொடங்கும் தமிழ்ச் சொல் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். டம்ளர், டவுன், டப்பா... வாயில் வருவதெல்லாம் வெளியிலிருந்து வந்த சொல்லாகவே இருக்கும். 'ற', 'ன', 'ண' என்றால் அதுவும் சிக்காது. இந்த எழுத்துகளிலும் பாட்டைத் தொடங்கியே தீருவது என்று உட்கார்ந்து, முடித்தும் காட்டியவர் ராமேஸ்வரத்துக்காரர் ஒருவர். அவர்தான் பாம்பன் குமரகுருதாச சுவாமிகள்.

யார் இவர்?

19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ராமேஸ்வரத்தில் சாத்தப்ப பிள்ளை - செங்கமலம் தம்பதிக்குப் பிறந்தவர். வீட்டில் வைத்த பெயர் அப்பாவு. வாழ்ந்த ஊரான பாம்பனே பிறகு பெயரோடு ஒட்டிக்கொண்டது. பல நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த அருணகிரிநாதரைத்தான் அவர் மனதில் குருவாக வரித்துக்கொண்டார். சிறு வயதில் எழுதிய பாடல்களிலேயே ஒரு நிபந்தனை உண்டு: பாட்டின் முடிவில் அருணகிரிநாதர் பெயர் வர வேண்டும்.

1878-இல் திருமணம், பிறகு குழந்தைகள். 1894-இல் ராமநாதபுரம் அருகே பிரப்பன்வலசையில் குழி வெட்டி, அதற்குள் அமர்ந்து 35 நாள் தவம் இருந்தார். அதன்பின் குடும்பத்தை விட்டுத் துறவியானார். கடைசிக் காலம் சென்னையில் கழிந்தது. அவர் பாடியவை மொத்தம் 6,666 பாடல்கள் என்பது வழிவழியாகச் சொல்லும் கணக்கு.

30 எழுத்து, 30 பாட்டு

1891-இல் பாம்பனில் இருந்தபோது எழுதியது சண்முக கவசம். தலை முதல் கால் வரை ஒவ்வொரு உறுப்பையும் முருகன் காக்க வேண்டும் என்று கேட்கும் பாடல். உயிரெழுத்து 12, மெய்யெழுத்து 18. இந்த வரிசைப்படி எழுத்துக்கு ஒரு பாட்டு என மொத்தம் 30.

கேட்க எளிதுதான். ஆனால் சிக்கல் மெய்யெழுத்துகளில் இருக்கிறது. தொல்காப்பியக் கணக்குப்படி ங, ட, ண, ர, ல, ழ, ள, ற, ன ஆகிய 9 வரிசைகளும் சொல்லின் முதலில் வராது. 18-இல் சரிபாதி போயிற்று! வடமொழிச் சொல்லை எடுத்தாலும் முன்னால் ஓர் இ, உ சேர்த்து இரத்தினம், இலட்சியம், உரோமம் என்று எழுதுவதே மரபு. இங்கே அப்படிச் சேர்த்தால் முதலெழுத்தே மாறிவிடும். போட்ட நிபந்தனை காலி.

சுவாமிகள் என்ன செய்தார்? 'ட'-வுக்கு டமருகம், அதாவது உடுக்கை. 'ர'-வுக்கு ரஞ்சிதம். இரண்டும் வடசொல். 'ல'-வுக்கு இன்னொரு வழி: லகரம் என்று எழுத்தின் பெயரையே முதல் சொல்லாக வைத்து, அதை உவமையாக்கிவிட்டார். இதற்கு முன்னோடி ஔவையார். ஆத்திசூடியில் 'ங' வந்தபோது அவரும் அந்த எழுத்தையேதான் உவமையாக்கினார்.

கதவைச் சாத்தினால்?

அப்படியானால் வடசொல் இல்லாமல் அவரால் பாட முடியாதா என்ற கேள்வி வரும். அதற்கும் பதில் இருக்கிறது. சேந்தன் செந்தமிழ் என்ற நூலில் வடசொல்லே கலக்காமல் 50 வெண்பாக்கள் பாடினார். முருகன், சுப்பிரமணியன், சண்முகன் என்று வடமொழிப் பெயர்களும் தமிழ்ப் பெயர்களும் கலந்து புழங்கும் பக்தி இலக்கியத்தில் இது லேசுப்பட்ட வேலை இல்லை. கவசத்தில் எழுத்து முக்கியம், எனவே எந்தச் சொல்லும் உள்ளே வரலாம். இங்கே சொல் முக்கியம். எதை இறுக்கிப் பிடிப்பது, எதைத் தளர்த்துவது என்பதை வேலையைப் பார்த்து முடிவு செய்திருக்கிறார்.

குறுக்கெழுத்து போட்டவர்களுக்குப் புரியும்

சித்திரக்கவியிலும் அவருக்குப் பெயர் உண்டு. வேல் வடிவில் சஸ்திர பந்தம், மயில் வடிவில் மயூர பந்தம், தாமரை வடிவில் கமல பந்தம் ஆகியவை அவர் பாடியவை. படத்தின் கட்டங்களில் எழுத்துகள் ஓடும். கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடத்தில் ஒரே எழுத்து இரண்டு முறை வாசிக்கப்படும். அது இரண்டு சொல்லுக்கும் பொருந்த வேண்டும். குறுக்கெழுத்துப் புதிரில் மேலிருந்து கீழும் இடமிருந்து வலமும் ஒத்துப்போக வேண்டுமே, அதே கணக்கு. கூடவே யாப்பு தவறக் கூடாது, பொருளும் நிற்க வேண்டும்.

கால் முறிந்தபோது

1923 டிசம்பர் 27 அன்று சென்னை தம்புச்செட்டித் தெருவில் ஜட்கா வண்டி ஏறி அவரது இடது கால் எலும்பு முறிந்தது. வயது 70-ஐத் தாண்டியிருந்தது. உப்பு, புளி, காரம் சேர்க்காதவர். பொது மருத்துவமனையில் சேர்த்தபோது எலும்பு கூடும் என்ற நம்பிக்கை குறைவு. சீடர்கள் சண்முக கவசத்தை ஓதினார்கள். 11-ஆம் நாள் முருகன் மயில்மேல் காட்சி தந்தார், கால் குணமானது என்பது பக்தர்களின் நம்பிக்கை. மயூர வாகன சேவன விழா என்று ஆண்டுதோறும் மார்கழியில் அந்த நாளைக் கொண்டாடுகிறார்கள். 1929 மே 30 அன்று அவர் மறைந்தார். சமாதி திருவான்மியூரில் உள்ளது.

நோய் என்றால் சண்முக கவசத்தைக் கையில் எடுக்கும் குடும்பங்கள் இன்றும் நிறைய. 30 பாட்டையும் மனப்பாடமாகச் சொல்கிறவர்கள் உண்டு. அடுத்த பாட்டு எது என்று தடுமாறினால் அகர வரிசையை நினைத்தால் போதும், ஒன்றும் விட்டுப்போகாது. எழுதியவரைப் பாடாய்ப் படுத்திய அதே நிபந்தனைதான், படுக்கை ஓரத்தில் உட்கார்ந்து ஓதுகிறவருக்குத் துணை நிற்கிறது.