இயந்திரத்தைக் குழந்தையாகப் பார்த்தவர்

செயற்கை நுண்ணறிவு என்றதும் இன்று நம்மவர்கள் அமெரிக்கக் கம்பனிகளின் பெயர்களைத்தான் அடுக்குகின்றனர். எனக்கு நினைவுக்கு வருபவர் 1954இல் மரணித்த அலன் டூரிங்.

1912இல் லண்டனில் பிறந்தார். தந்தை மெட்ராஸ் மாகாணத்தில் சிவில் சேவை அதிகாரி. தாயார் பிறந்ததே கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில். பெற்றோர் இந்தியாவில் இருக்க, பிள்ளை இங்கிலாந்தில் வேறொரு குடும்பத்தாரிடம் வளர்ந்தது.

1936இல் அவர் காகிதத்தில் வகுத்த இயந்திரத்துக்குத் தேவைப்பட்டவை மிகச் சொற்பம்: நீண்டதொரு நாடா, அதில் குறிகளை வாசிக்கவும் எழுதவும் அழிக்கவும் ஒரு முனை, அடுத்து என்ன செய்வதென்று சொல்லும் விதிகள். யுத்த காலத்தில் ஜேர்மனியரின் எனிக்மா இரகசியக் குறியீட்டை உடைத்த கதை பலருக்கும் தெரிந்ததே.

எனக்குப் பெரிதாகப் படுவது அதன் பின்னர் நடந்தது. மிக எளிய அலகுகளை ஒழுங்கின்றி ஒன்றோடொன்று இணைத்து, பயிற்சியால் அவற்றை ஒழுங்குக்குக் கொண்டுவரலாம் என்று 1948இல் ஓர் அறிக்கை எழுதினார். 1950இல் வந்த கட்டுரையில் இன்னும் தெளிவு. வளர்ந்தவரின் மூளையைச் செய்யப் பாடுபடுவதைவிட, குழந்தையின் மூளை போன்ற ஒன்றைச் செய்து, வெகுமதியும் தண்டனையும் கொடுத்துப் படிப்பிக்கலாம் என்பது அவரது யோசனை. தகவல்களைத் திணிப்பதற்கு முன் கற்கும் திறனைக் கொடுக்க வேண்டும்! நமது டியூஷன் வகுப்புகளுக்கே இது இன்னும் எட்டவில்லை.

அந்த 1948 அறிக்கையை அவர் பணிபுரிந்த தேசிய பௌதிக ஆய்வுகூடம் வெளியிடவில்லை. 1952இல் ஓரினச்சேர்க்கைக்காக நீதிமன்றம் அவரைத் தண்டித்தது. இரண்டு ஆண்டுகளில், 41 வயதில், சயனைட் நஞ்சினால் இறந்தார். அறிக்கை அச்சேறியது 1968இல்.