அழுதபடியே பணிந்தவர்

வட ஆப்பிரிக்காவின் தகாஸ்தே நகரில் 354-இல் பிறந்தவர் புனித அகஸ்டின். புலனின்பத்திலும் புகழாசையிலும் மூழ்கிய மகனுக்காகத் தாய் மோனிகா பல்லாண்டுகள் கண்ணீருடன் பிரார்த்தித்தார். இறைவனின் அழைப்பை உணர்ந்த பின்னரும், தூய வாழ்வை நாளைக்கென ஒத்திவைத்தது அவரது மனம். 386-இல் மிலான் நகரத் தோட்டம் ஒன்றில் அந்தத் தயக்கம் உடைந்தது. மறு ஆண்டு ஞானஸ்நானம் பெற்றார்.

தனிமையில் இறைச்சிந்தனையுடன் வாழ விரும்பியவரை 391-இல் ஹிப்போ நகர மக்கள் வலியப் பிடித்துக் குருவாக்கினர். அழுதபடியே பணிந்தார், மறைநூலைக் கற்கச் சிறிது அவகாசம் மட்டும் வேண்டினார். பின்னர் ஆயராகி, இறுதிவரை அம்மக்களுக்கே உழைத்தார்.

430-இல் வாண்டல் படை நகரை முற்றுகையிட்டிருந்தது. நோயுற்றுக் கிடந்த ஆயர், தாவீதின் மனம் வருந்தும் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, அவற்றைப் படித்துக் கண்ணீர் வடித்தார். ஞானஸ்நானம் பெற்று 43 ஆண்டுகள் கடந்தும் தம் தவத்தை அவர் நம்பவில்லை. இறைவனின் கருணையையே நம்பினார்.