ஆல்பர்ட் பெட்ஸ்

ஆல்பர்ட் பெட்ஸ் (டிசம்பர் 25, 1885 – ஏப்ரல் 16, 1968) ஜெர்மானிய இயற்பியலாளர். காற்றாலைக் கோட்பாட்டின் முன்னோடிகளுள் ஒருவர். ஷ்வைன்ஃபுர்ட் நகரில் பிறந்த இவர், 1911 முதல் கோட்டிங்கன் காற்றியக்கவியல் ஆய்வகத்தில் பணியாற்றினார். லுட்விக் பிராண்டலுக்குப் பின் அதன் இயக்குநரானார்.

பெட்ஸ் எல்லை

காற்றை முற்றிலும் நிறுத்திவிட்டால் பின்வரும் காற்றுக்கு வழியிராது. ஆகவே சுழலி பெறக்கூடியது காற்றின் இயக்க ஆற்றலில் அதிகபட்சம் 59.3 விழுக்காடே என இவர் 1920 இல் வெளியிட்டார். அவ்வெல்லையில், சுழலியைக் கடந்த காற்றின் வேகம் மூன்றில் ஒரு பங்காகக் குறையும்.

காற்றுப் பண்ணைகளில்

இக்கணிப்பு தனித்து நிற்கும் சுழலிக்கு உரியது. பண்ணையில் முன்னுள்ள சுழலி விட்டுச்செல்லும் மெலிந்த காற்றே பின்னுள்ளதற்குக் கிடைக்கிறது. ஆற்றல் வேகத்தின் மும்மடிக்கு நேர்விகிதத்தில் அமைவதால் இழப்பு பெரிது. முன் சுழலியைக் காற்றுத்திசையிலிருந்து சற்றே திருப்பினால் அம்மெலிந்த ஓட்டம் விலகிச் செல்லும். அச்சுழலி சிறிது இழப்பினும், பண்ணையின் மொத்த உற்பத்தி கூடக்கூடும்.